சோத்துக்கையைத் தூக்கு

பருந்து என்று கேட்டால்தான் அலுவலகத்தில் ஆளைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையின் ஓரத்தில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வயது ஐம்பத்திரண்டு. மூக்குக் கண்ணாடி போட்டதில்லை. இந்தச் செய்தியை அவர் வாயிலிருந்து கேட்காதவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. தண்ணீர் கேன் போட வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஃபைபர் கேபிள் ஒட்டுவது அவர் தொழில். வீட்டுக்கு வீடு இணையம் கொண்டுபோகிற அந்தக் கறுப்புக் கேபிளைக் கீறினால் உள்ளே தலைமுடி மொத்தத்தில் கண்ணாடி இழைகள் இருக்கும். தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளை மெஷினுக்குள் எதிரெதிரே வைத்தால் ஒரு பொறி பறக்கும், ஒட்டிக்கொள்ளும். வெட்டு சரியில்லை என்றால் மெஷினே திரையில் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன்னால் பருந்து சொல்லிவிடுவார். மெஷினோடு பந்தயம் கட்டி ஜெயித்த மனுஷன் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியது யார் என்று கேட்க வேண்டாம். வீட்டிலும் இதே கூத்துதான். அக்கம்பக்கத்தில் யாராவது ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால், டிவியைப் பார்த்துக்கொண்டே கோத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "கண்ணுன்னா இது கண்ணு" என்று தனக்குத் தானே ஒரு சான்றிதழும் வழங்கிக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட கண்ணுக்கு வந்த சோதனை எட்டுத் தண்டவாளங்களின் உருவத்தில் வந்தது. அலுவலகம் தண்டவாளங்களுக்கு இந்தப் பக்கம். பருந்து குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அந்தப் பக்கம். பன்னிரண்டு பிளாக், ஆயிரத்துச் சொச்சம் வீடு. நிறுவனம் செய்த காரியத்தைக் கேளுங்கள். முதலில் அந்த ஆயிரம் வீட்டுக்குள்ளும் ஃபைபர் இழுத்து, சுவரில் வெள்ளைப் பெட்டி மாட்டி, எல்லாம் முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் தண்டவாளத்துக்கு அடியில் தோண்ட அனுமதி கேட்டது. பந்தல் போட்டுப் பந்தி விரித்த பிறகு பெண் பார்க்கப் போன கதை. நான்கு வருடம் கடிதம் போனது. ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் வந்தது. பதிலோடு வேறொரு படிவமும் வந்தது. வெளிச்சம் வராத பெட்டிகளுக்கு மக்கள் வேறு உபயோகம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பருந்தின் வீட்டுக்காரம்மா அதில் சாவிக்கொத்தை மாட்டினார். ஊருக்கெல்லாம் நெட்டு ஒட்டிக் கொடுக்கிறவர் வீட்டில் சாவிக்கு நல்ல ஆணி கிடைத்தது என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லவும் செய்தார்.

கடைசியில் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அண்ணாந்து பார்த்திருக்கிறார். தோண்டத்தானே அனுமதி வேண்டும், பறக்க வேண்டாமே? கேபிளை அலுவலகத்து மொட்டை மாடிவரை ஏற்றுவது. அங்கே ஒரு பெட்டி, அதன் முகத்தில் ஒரு வில்லை. இழைக்குள் வந்த ஒளி அந்த வில்லை வழியாக வெளியே குதித்து, கண்ணுக்குத் தெரியாத கற்றையாகக் காற்றிலேயே அறுநூற்று நாற்பது மீட்டர் போய், எட்டாம் பிளாக் மாடியில் நிற்கும் இன்னொரு பெட்டியின் வில்லையில் விழும். அங்கே மறுபடி இழைக்குள் புகுந்து பன்னிரண்டு பிளாக்குக்கும் பிரியும். நடுவில் குழியும் இல்லை, ஒயரும் இல்லை, ஆனால் வேகம் மட்டும் கேபிளின் வேகம்.

கேள்விப்பட்ட அன்று பருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடிக்குள் போகிற ஒளியையே கட்டி மேய்க்க முடியவில்லை, இனி அவிழ்த்துவிட்டு மேய்க்கப் போகிறார்களாம் என்று அந்த ஒரு நகைச்சுவையை வைத்தே ஒரு வாரம் ஓட்டினார். அடுத்த வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு அவரையே அனுப்பினார்கள். நான்காம் நாள் திரும்பி வந்த ஆள், காற்றில் ஒளி விடுவதைத் தாமே கண்டுபிடித்த மாதிரி பேசினார். அந்தக் கரை சேரும்போது கற்றையின் அகலம் ஒரு பெரிய தாம்பாளம் அளவுதானாம். இங்கே பெட்டியைத் திருப்பும் திருகை ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் அங்கே அது அடுத்த பிளாக்குக்குப் போய்விடுமாம். இதற்கு மெஷின் போதாது, கண் வேண்டும் என்றார். யாருடைய கண் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்த விஷயம்.

மறுமுனையில், எட்டாம் பிளாக் மாடியில், நிற்க ஒரு ஆள் வேண்டும். பருந்தின் மச்சினனை நிறுத்தினார்கள், அதாவது வீட்டுக்காரம்மாவின் தம்பியை. நெடுநெடுவென்று உயரம், நிதானமான பேச்சு. ஒரு கேள்வி கேட்டால் பதில் அடுத்த பஸ்ஸில் வரும். எட்டு வருடம் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் ஏறி, நான்கு மாதத்துக்கு முன்னால்தான் நிரந்தர வேலைக்கு எடுக்கப்பட்டிருந்தார். அதிலும் முதல் வருடம் சோதனைக் காலம். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று பருந்து சொல்லிக்கொள்வார். மச்சினன் அதை மறுத்ததில்லை. மறுக்க வாயெடுப்பதற்குள் பருந்து அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

திறப்பு விழா பதினொரு மணிக்கு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். மொட்டை மாடியில் நாற்காலி, ரிப்பன், பெரிய டிவி எல்லாம் தயார். ஒளியை மட்டும்தான் காணோம். இரண்டு பெட்டிகளையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தும் வேலையைத் தொடங்கச் சொல்லி மேலாளர் உத்தரவு கொடுத்தபோது மணி பத்தே முக்கால் இருக்கும். பயிற்சிப் புத்தகத்தில் அந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. புத்தகம் எழுதியவனுக்குப் பருந்தைத் தெரியாது.

அவர் பெட்டியின் மேலிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியில், அவர்கள் பாஷையில் ஸ்கோப்பில், ஒரு கண்ணை வைத்தார். தேடின மாத்திரத்தில் கிடைத்துவிட்டது: எட்டாம் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி, அதில் நீலப் பெயின்ட்டில் ஆளுயரத்துக்கு 8, பக்கத்தில் ஒரு நெட்டை உருவம். ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பதுதானே தொழில்? போனை ஸ்பீக்கரில் போட்டு, வலது கையைத் தூக்கு என்றார். உருவம் இடது கையைத் தூக்கியது.

"வலது கைடா."

"வலது கைதான் மாமா."

"சோத்துக்கையைத் தூக்குன்னா பீச்சாங்கையைத் தூக்கறியே, எத்தனை வருஷமா சோறு சாப்பிடறே நீ?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கத்தரிக்கோல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சினன் கையை மாற்றவில்லை, அதே கையைத்தான் தூக்கிக்கொண்டு நின்றார். சரி, எந்தக் கையோ, நான் சொல்லும்வரை இறக்காதே, அதுதான் எனக்குக் குறி என்று பருந்து பெரிய மனது பண்ணிவிட்டு, திருகில் விரலை வைத்தார். ஒளி எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் மீட்டரில் எண் ஏறியது. அந்தப் பக்கத்துப் பெட்டியையும் எண் ஏறுகிற பக்கமாகத் திருப்பச் சொன்னார். மச்சினன் ஒரு கையைத் தூக்கியபடியே மறுகையால் திருப்பினார். நடுவில், மாமா ஒரு விஷயம் என்று தொடங்கினார். எண் ஏறுதா இல்லையா என்று பருந்து கேட்டார். ஏறுது என்றார் மச்சினன். அப்ப வாயை மூடு என்றார் பருந்து.

பதினேழு நிமிடம். டிவியில் படம் வந்தது, ரிப்பன் அறுந்தது, கைதட்டினார்கள். பருந்துக்குக் கேடயம் ஒன்று கொடுப்பதாக அங்கேயே அறிவித்தார்கள். வேலை முடிந்ததும் நிரப்ப வேண்டிய படிவத்தில், குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். 'மறுமுனைப் பணியாளர் வலது இடது அறியாதவர். இருந்தும் பதினேழு நிமிடத்தில் முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம் சாதனைக்குக் கொஞ்சம் எடை கூட்டியதாக மட்டுமே அவருக்கு நினைப்பு. பத்து நிமிடத்தில் அதை மறந்தும் போனார்.

முதல் வாரம் குடியிருப்பில் பருந்துக்கு ராஜ மரியாதை. இரண்டாம் வாரத்திலிருந்து, மத்தியானம் ஒரு மணி அடித்தால் இணையம் செத்துப்போகும், இரண்டு மணிக்கு உயிர் பெறும். தினமும். சில நாள் சாயங்காலத்திலும் ஒரு தடவை. அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பனி என்றார் ஒருவர். மத்தியானம் ஒரு மணிக்கு என்ன பனி என்று அவரை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே படம் பார்ப்பதால் நெரிசல் என்றார் இன்னொருவர். பறவை குறுக்கே பறக்கிறது என்று மேலாளர் முடிவு செய்து, பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றை வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அதன் தலைமேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

ஆந்தையும் கைவிட்ட பிறகு மனிதர்களில் ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல் என்று சொல்ல எழுத்திலேயே ஆதாரம் இருந்தது. மேலாளர் கோப்பைப் புரட்டினார், குறிப்புக் கட்டம் கண்ணில் பட்டது. வலது இடது தெரியாத ஆள் பொருத்திய முனை வேறெப்படி இருக்கும்? மச்சினனைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரணையில் அவர் பக்கம் பேச ஒருவரும் இல்லை. எதிர்ப் பக்கத்தில் பருந்தின் கையெழுத்து இருந்தது.

பருந்துக்கு முதலில் தோன்றியது, நான் அன்றைக்கே சொன்னேனே என்பதுதான். இப்படி ஒரு மனுஷனா என்று உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. வீட்டுக்காரம்மா தட்டை வைத்தார், சோற்றைப் போட்டார், எதிரே நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் தம்பிக்குச் சோத்துக்கை எதுன்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே அவன் எந்தக் கையால சாப்பிடணும்னு அதையும் எழுதிக் குடுத்துடுங்க."

அதற்கப்புறம் எட்டு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. தட்டு பேசியது, கதவு பேசியது, பாத்திரம் பேசியது. சாவிக்கொத்து மறுபடி பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை, விசாரணைக்கு முதல் நாள், பருந்து கண் பரிசோதனைக்குப் போனார். தலைமைப் பயிற்றுநர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. ஐம்பது வயது தாண்டியவர்கள் அதற்குக் கண் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நிறுவனம் சொன்ன மருத்துவமனை, அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளித் தண்டவாள ஓரத்தில் நீளமாக நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. வெயில் உள்ளே வராமல் திருப்பி அனுப்பும் நீலக் கண்ணாடி, தரையிலிருந்து உச்சிவரை. பரிசோதனை அறை கோழிக்கூண்டு அளவு. பரிசோதிக்கிற அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் தெரிந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பருந்து கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டு, அதற்குக் கீழே அச்சடித்திருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். வழக்கம்போல் கண்ணைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் ஆரம்பித்தார்.

அந்த அம்மா சிரித்தார். எதிரே இருப்பது அட்டை இல்லை, கண்ணாடி என்றார். அறை சின்னது, தூரம் போதாது. அதனால் அட்டை உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது, எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டது, கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும் என்றார். பருந்து திரும்பிப் பார்த்தார். எல்லா எழுத்தும் இடம் வலமாகத் திரும்பி நின்றுகொண்டு அவரைப் பார்த்தது. வந்த பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மணி ஒன்று ஆனது. ஏசி ரிப்பேரானதிலிருந்து இந்தக் கூண்டில் புழுக்கம் தாங்கவில்லை, ஒரு மணிக்குத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன், வந்து மூடுவேன் என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்தார். சில நாள் சாயங்காலமும் திறக்க வேண்டியிருக்கிறதாம். பருந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இடது பக்கம் அலுவலகத்து மொட்டை மாடி தெரிந்தது. ஆந்தை தெரிந்தது. ஆந்தைக்குப் பக்கத்தில் பெட்டி. தண்டவாளத்தைத் தாண்டி எட்டாம் பிளாக்கைப் பார்த்திருக்க வேண்டிய பெட்டி, அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பினார். தூரத்தில் எட்டாம் பிளாக் மாடி. அங்கிருந்த பெட்டியும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

போனை எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அடித்தார். நெட்டு இருக்கா என்றார். இல்லை என்றது குரல், எட்டு நாளில் முதல் வார்த்தை. அந்த அம்மாவிடம் ஜன்னலை மூடச் சொன்னார். இப்ப? வந்துடுச்சு. திறக்கச் சொன்னார். இப்ப? போயிடுச்சு, என்ன விளையாட்டு இது என்றது குரல். பருந்து போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பதினேழு நிமிட அவசரத்தில் அவர் ஸ்கோப்பில் பார்த்தது எட்டாம் பிளாக்கை இல்லை. இந்த ஜன்னலில் தெரிந்த எட்டாம் பிளாக்கின் பிம்பத்தை. ஒளியும் இங்கே வந்து முட்டித் தெறித்துத்தான் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மச்சினனின் பெட்டியும், எண் ஏறுகிற பக்கம் திருப்பு என்று இவர் சொன்ன சொல்லைத் தட்டாமல், இதே ஜன்னலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. 'மாமா ஒரு விஷயம்' என்று மச்சினன் வாயெடுத்தது இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது. தொட்டியில் 7 என்று எழுதியிருந்தால் திரும்பி நிற்பது தெரிந்திருக்கும். 8 எப்படித் திருப்பினாலும் 8. திரும்பித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மச்சினனின் கை. அதைத்தான் இவர் பீச்சாங்கை என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்.

படி இறங்கினார். நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வருவதற்குள் ஒரு யோசனை வந்தது. இரண்டு பெட்டியையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பினால் போதும், அரை மணி நேர வேலை. விசாரணைக்கு முன்னால் முடித்துவிடலாம். இரண்டாம் மாடியில் அந்த யோசனை இன்னும் அழகாகத் தெரிந்தது: மச்சினன் கெடுத்ததை மாமா சரிசெய்தார் என்று இன்னொரு கேடயம்கூடக் கிடைக்கும். பயிற்றுநர் பதவி நிச்சயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், தட்டு பெரிதாக இருந்தால். முதல் மாடியில் கால் நின்றுவிட்டது. 'வலது கைதான் மாமா.' கோபமே இல்லாமல் சொன்ன குரல் அது. தாம் கத்தியபோதும் அவன் கையை மாற்றவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றியிருந்தால் சிரிப்பு அத்தோடு நின்றிருக்கும். வலது கையை வலது கை என்று சொல்லிக்கொண்டு நின்றதற்காக அவனுக்கு வேலை போகப்போகிறது. பருந்துக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் படிக்கட்டில் நின்றுகொண்டு அழுகையை விழுங்க வேண்டியிருந்தது.

நேரே மேலாளரிடம் போய்த் தப்பு என்னுடையது என்றார். மேலாளர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. மச்சினனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும், பயிற்றுநர் பதவிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்றார். பருந்து ஜன்னல் கதையைச் சொன்னார். உங்கள் கண்ணாவது ஜன்னலைப் போய்ப் பார்ப்பதாவது என்றார் மேலாளர். முப்பது வருடமாகத் தம் கண்ணைப் பற்றி ஊருக்குச் சொன்ன பொய்யும் மெய்யும் அன்றைக்கு ஒன்றுசேர்ந்து அவர் வழியை மறித்தன. அவர் சொல்லி அவரை யாரும் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விசாரணையை மொட்டை மாடியிலேயே வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். மேலாளர் ஸ்கோப்பில் பார்க்க வேண்டும், ஒரு மணிவரை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கண் பரிசோதனை அம்மாவிடம் சரியாக ஒரு மணிக்கு ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடிவிடும்படி சொல்லிவைத்தார். இவர் எட்டாம் பிளாக்குக்குப் போனார். மூன்றாம் மாடியில் மச்சினன் வீட்டுக் கதவைத் தட்டினார். மன்னித்துக்கொள் என்று சொல்லப் பழகாத வாய் அது. "மாடிக்கு வா" என்றுதான் வந்தது. மச்சினன் ஏன் என்று கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில், அன்றைக்கு மச்சினன் நின்ற அதே இடத்தில் பருந்து நின்றார். மணி ஒன்றாக நாலு நிமிடம். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.

"தெரியுது, தெரியுது" என்றது மேலாளரின் குரல். "ஆனா நீங்க இடது கையத் தூக்கியிருக்கீங்க. வலது கையத் தூக்குங்க."

"இது வலது கைதான் சார்."

"அட, எனக்குத் தெரியாதா? சோத்துக்கையத் தூக்குங்கன்னா."

போனில் மேலாளருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பருந்து மச்சினன் பக்கம் திரும்பவில்லை. இது வலது கைதான் சார் என்று மறுபடி சொன்னார். இப்படி ஒரு சாதாரண வாக்கியத்தைச் சொல்வதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. மேலாளருக்குக் குரலில் சலிப்பு வந்துவிட்டது. குடும்பத்துக்கே இந்தக் குறை இருக்கிறதா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மணி ஒன்று அடித்தது.

"ஐயோ, ஆளைக் காணோமே. எங்க போனீங்க? தொட்டியையும் காணோம்."

"இங்கதான் சார் நிக்கிறேன். தொட்டியும் நிக்குது. நீங்க ஜன்னலப் பார்த்துட்டிருக்கீங்க."

பிறகு மேலாளர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். தலைமை அலுவலகம்வரை போன விஷயம், கேடயத்தில் பெயர்கூடப் பொறித்தாகிவிட்டது, பேசாமல் திருப்பிவைத்துவிடுங்கள், 'மறுமுனைப் பிழை சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரியோடு முடித்துவிடலாம், தம்பிக்கு லேசான எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். பருந்து முடியாது என்றார். குறிப்புக் கட்டத்தில் தாம் எழுதியதைத் தம் கையாலேயே அடித்து, பார்த்தது தப்பு, பார்த்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திருகைத் தொடுவேன் என்றார். அந்த அலுவலகத்தில் அந்தத் திருகைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று நாள் பயிற்சிக்கு இன்னொருவரையும் அனுப்பியிருக்கலாம் என்று மேலாளர் அந்த நிமிடம் நினைத்திருப்பார். சரி என்றார். பயிற்றுநர் பதவியைப் பற்றி அதற்குமேல் அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

பருந்து கையை இறக்கப் போனார். அதற்குள் ஸ்பீக்கர் மறுபடி உயிர் பெற்றது. ஜன்னலை மூடியாகிவிட்டது, ஆள் திரும்ப வந்துவிட்டார், அப்படியே நில்லுங்கள், மற்றவர்களும் பார்க்க வேண்டுமாம் என்றார் மேலாளர். அலுவலகத்து மாடிப் படியில் தடதடவென்று காலடிச் சத்தம் போனில் கேட்டது. கேபிள் பிரிவு, புகார்ப் பிரிவு, கணக்குப் பிரிவு, தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட எல்லாரும் வரிசையில் நின்று ஸ்கோப்பில் ஒவ்வொரு கண்ணாக வைத்தார்கள். பருந்தா அது, இடது கையைத்தான் தூக்கியிருக்கிறார், அட ஆமாம்ப்பா என்று ஒவ்வொருவரும் ஒரு தடவை சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. ஆறாவது ஆள் பார்க்கும்போது தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. பத்தாவது ஆள் வந்தபோது கை தானாகச் சாயத் தொடங்கியது. போதும் என்று கையைத் தாழ்த்தப் பார்த்தார்.

முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து தாங்கியது. மச்சினன் அவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இறக்கிடாதீங்க மாமா" என்றார். "இப்பத்தான் பதினாலு நிமிஷம் ஆச்சு. அன்னிக்கு நான் பதினேழு நிமிஷம் தூக்கி வச்சிருந்தேன்."

பருந்து கையை இறக்கவில்லை.